மணையில் உட்கார்ந்தவன்

சிங்கப்பெருமாள் கோயில்
ஜூன் 19

அன்புள்ள மானசா,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "இப்ப அதுதான் குறைச்சல்" என்பாய், அதனால் கேட்கவில்லை.

ஹாஸ்டலில் போன் கிடையாது என்று சேர்க்கும்போதே சொன்னார்கள். நிஜமாகவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஆபீஸ் போன். அதில் முக்கால்வாசி அப்பா பேசிவிடுகிறார், மிச்சத்தில் அம்மா "சாப்டியா" என்கிறாள், உன் முறை வருவதற்குள் வார்டன் தொண்டையைக் கனைக்கிறார். கடிதத்துக்குத் தடை இல்லை. ஆனால் பிரித்துப் பார்ப்பார்கள். படிப்பு விஷயம் என்றால் கொடுத்துவிடுவார்கள், வேறு கதை என்றால் குப்பைக்குப் போய்விடும். ஆகவே நாம் படிப்பைப் பற்றியே எழுதிக்கொள்வோம்.

படிப்பு விஷயம் இதுதான். பயாலஜி டெஸ்டில் இருபத்தைந்துக்கு நான்கு. அந்த நான்கும் படம் வரைந்ததற்கு. இங்கே சாதாரணப் பள்ளி மாதிரி மெதுவாக நடத்துவதில்லை என்று அப்பா பெருமைப்பட்டாரே, அது ரொம்பச் சரி. அதற்குள் என்சைம் முடிந்துவிட்டது, அடுத்து செல் சுவாசம். சரவணகுமார் சார் போர்டில் எழுதிக்கொண்டே போகிறார், நான் அவர் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பா பையனின் பழைய பயாலஜி புத்தகம் நம் அலமாரியில் இருக்கிறது. நீ பத்தாவது லீவிலேயே அதைக் கதைப் புத்தகம் மாதிரி படித்து முடித்தவள். என்சைம் என்றால் என்ன என்று எனக்கு எழுது. புத்தகத்தில் இருக்கிற மாதிரி வேண்டாம். நீ எனக்குச் சொல்லிக்கொடுப்பாயே, அந்த மாதிரி.

நான்கு மார்க் விஷயம் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அம்மாவிடம் தட்டை செய்து அனுப்பச் சொல்.

ஜெயந்த்

---

திருவிடந்தை
ஜூன் 23

ஜெயந்துக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. அம்மா தட்டை செய்யப்போகிறாள், அந்த அன்பு உனக்குப் போதும்.

உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா? மே மாதம் கூடத்தில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா, இல்லை மறந்த மாதிரி இருக்கிறாயா? இரட்டையர் நம் இருவரின் பத்தாவது மார்க் ஷீட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னார்: "ஜெயந்த் பயாலஜி குரூப். மானசா காமர்ஸ். ஒரு ஆத்துக்கு ஒரு டாக்டர் போறும்." சயின்ஸில் யாருக்கு அதிகம் என்று அந்த மார்க் ஷீட்டிலேயே இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ ஃபேனைப் பார்த்தாய். அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவே இல்லை. ஓடாத ஃபேனை அவ்வளவு நேரம் பார்த்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

"அப்பா, அவளுக்குத்தான் பிடிக்கும், எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது நான் காமர்ஸ் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எதிரே பயாலஜி லேப் தெரிகிறது. நீ எனக்குக் கடிதம் எழுதி என்சைம் என்றால் என்ன என்று கேட்கிறாய்.

சரி, கேள். தெரிந்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அது என் வியாதி.

நம் ஊர்ப் பெருமாளுக்கு நித்தியம் கல்யாணம். முந்நூற்றறுபது பெண்களை நாளுக்கு ஒருத்தியாகக் கட்டிக்கொண்டார் என்று ஸ்தல புராணம் சொல்கிறது. பெண் மாறுகிறாள், மாப்பிள்ளை மாறுவதே இல்லை. நேற்றைய கல்யாணத்தால் அவர் தேய்ந்துபோவதும் இல்லை. என்சைம் அப்படித்தான். வருகிற பொருள் வேறு பொருளாக மாறிப் போய்விடும், என்சைம் மட்டும் அப்படியே அடுத்ததற்குத் தயாராக இருக்கும். பெண் வந்து உட்காருகிற மணை இருக்கிறதே, அதுதான் ஆக்டிவ் சைட். பொருந்துகிறவள்தான் அதில் உட்கார முடியும். வருகிற பெண்தான் சப்ஸ்ட்ரேட்.

சூடு அதிகமானால் மணை கோணிக்கொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் பொருந்தாது.

இன்னொன்று, காம்பெடிடிவ் இன்ஹிபிட்டர். கிட்டத்தட்டப் பெண் மாதிரியே இருக்கிற யாரோ ஒரு ஆள் வந்து மணையில் உட்கார்ந்துவிடும். அதை வைத்துக் கல்யாணமும் நடக்காது, அது இருக்கிறவரை வேறு யாரும் உட்காரவும் முடியாது. உண்மையான பெண் மாலையும் கையுமாக வாசலில் நிற்பாள். புரிந்ததா?

இனிமேல் எழுதாதே.

மானசா

---

சிங்கப்பெருமாள் கோயில்
ஜூலை 2

அன்புள்ள மானசா,

நீ எழுதாதே என்று சொன்னால் எழுது என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

உன் கடிதம் நன்றாகப் புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. டெஸ்டில் "என்சைம் என்பது யாது" என்று கேட்டிருந்தார்கள். நான் "என்சைம் என்பது திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். எழுதும்போது ரொம்பச் சரியாகப் பட்டது.

சரவணகுமார் சார் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். படித்து முடித்து, "தம்பி, பேப்பர் திருத்த பட்டரைக் கூப்பிடட்டுமா?" என்றார். ஒரு பீரியட் முழுக்க வாசலில் நின்றேன். ஆனால் மீதிக் கேள்விகளில் மார்க் கிடைத்து பதினொன்று வந்தது. நான்கிலிருந்து பதினொன்று!

பக்கத்துக் கட்டில் சின்னராசுவைப் பற்றிச் சொல்லவில்லையே. கடப்பாக்கத்துப் பையன், அவன் அப்பாவுக்குப் போட் இருக்கிறது. வாசலில் நின்ற என்னிடம் வந்து, "இன்னா மச்சான், சாமியப் போயி பரீச்சையில இட்டாந்து வுட்டுகீற? அந்த லெட்டர இப்டி குடு, நானும் பட்ச்சிப் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.

நேற்று லேபில் ரத்த வகை கண்டுபிடிக்கும் சோதனை. அவரவர் விரலில் ஊசி குத்திக்கொள்ள வேண்டும். நான் குத்திக்கொள்ளவில்லை. சின்னராசு குத்திக்கொண்டதைப் பார்த்தேன். அவ்வளவுதான், கண் விழித்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன்.

இங்கே எனக்கு ஒரே ஒரு நல்ல பொழுது. ஹாஸ்டல் ஸ்டோரில் முத்துசாமி அண்ணன் வரவு செலவு எழுதுகிறார். மாதக் கடைசியில் அவருக்குக் கணக்கு உதைத்தது. நான் உட்கார்ந்து எங்கே தப்பு என்று பிடித்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

செல் சுவாசம் எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயந்த்

---

திருவிடந்தை
ஜூலை 7

அட மக்கு ஜெயந்த்,

உதாரணத்தைக் கொண்டுபோய் யாராவது விடைத்தாளில் எழுதுவார்களா? உனக்குப் புரிவதற்காகச் சொன்னால் அதை அப்படியே இறக்கிவைப்பாயா? நல்லவேளை, அப்பா காதுக்குப் போகவில்லை. பெருமாளை வைத்துப் பரிகாசமா என்று என்னைத்தான் பிடித்திருப்பார்.

உன் ஸ்டோர் கதையைப் படித்ததும் எனக்கு எரிந்தது. அக்கவுண்டன்சி டெஸ்டில் நான் இருபதுக்கு ஆறு. என் டிரையல் பேலன்ஸ் டேலி ஆவதே இல்லை. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ராத்திரி தூக்கம் வரவில்லை. உனக்கு அதே விஷயத்தால் தூக்கம் வருகிறது. என்ன அநியாயம் இது?

செல் சுவாசம். மூச்சு விடுவதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே. மூச்சு என்பது காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவது. செல் சுவாசம் என்பது செல்லுக்குள் குளுக்கோஸை உடைத்துச் சக்தி எடுப்பது. உனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன், கணக்காகப் பார். முதல் கட்டம் கிளைக்காலிஸிஸ். ஒரு குளுக்கோஸ், இரண்டு பைருவேட் ஆகிறது. ஏ.டி.பி. என்பது செல்லின் கைக்காசு. இதற்கு முதலீடு இரண்டு ஏ.டி.பி., வரவு நான்கு, நிகர லாபம் இரண்டு. இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். கூடவே என்.ஏ.டி.எச். என்று ஒன்று கிடைக்கிறது. அது கைக்காசு இல்லை, வரவேண்டிய பாக்கி. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கிரப்ஸ் சுழற்சியில் அந்தப் பாக்கி இன்னும் சேர்கிறது. கடைசிக் கட்டமான எலக்ட்ரான் கடத்து சங்கிலியில்தான் எல்லாம் வசூலாகிறது. அந்தக் கடைசி இடத்தில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் நிற்க வேண்டும். இல்லையென்றால் வசூல் நின்றுவிடும். இதை விடைத்தாளில் 'பாக்கி' என்று எழுதித் தொலைக்காதே!

கடைசியாக ஒரு விஷயம். வார்டன் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். எங்கள் பள்ளி பயாலஜி மேரி மிஸ், நான் ஜன்னல் வழியாக லேபையே பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டார். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் குரூப் மாற்றிக்கொள்ளலாமாம், வகுப்பில் ஒரு இடம் இருக்கிறதாம். அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சு போன பேச்சு" என்று சாப்பிட்ட கையைக் கழுவப் போய்விட்டார். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ சொன்னால் கேட்பார். இந்த மாதம் பெற்றோர் வரும் ஞாயிறு இருக்கிறதல்லவா, அன்றைக்குச் சொல்லு. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

மானசா

---

சிங்கப்பெருமாள் கோயில்
ஜூலை 15

அன்புள்ள மானசா,

பத்தொன்பது! இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. கணக்காக எழுதியிருந்தாயே, அது அப்படியே மண்டையில் ஏறிவிட்டது. 'பாக்கி' என்று எழுதவில்லை, மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

இங்கே உனக்கு 'லெட்டர் மிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தபால் வருகிற நாளில் எங்கள் அறையில் கூட்டம் கூடுகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஏன் எல்லாமே நிற்க வேண்டும் என்று ஒருவன் கேட்டான். சின்னராசு விளக்கம் கொடுத்தான்: "கரையில மீன் வாங்க ஆளே இல்லன்னு வச்சிக்க. மொதல் போட்டு எறக்க முடியாம நின்னுகினு கெடக்கும். அது நின்னா பின்னாடி வர்ற போட்டுங்க அல்லாம் நிக்கும்ல? அதாண்டா." அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன் டிரையல் பேலன்ஸுக்கு மருந்து: வித்தியாசத் தொகையை இரண்டால் வகுத்துப் பார். அந்தத் தொகை எங்கேயாவது இருந்தால், அதை நீ பக்கம் மாற்றி எழுதியிருக்கிறாய் என்று அர்த்தம். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எண்ணைத் திருப்பி எழுதியிருக்கலாம். ஐம்பத்துநான்கு என்பதை நாற்பத்தைந்து என்று எழுதுகிற ஆள்தானே நீ? இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா?

அப்பாவிடம் சொல்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. ஆனால் சொல்கிறேன்.

ஜெயந்த்

---

திருவிடந்தை
ஜூலை 28

ஜெயந்த்,

நேற்று அப்பா உன்னைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதை எழுதுகிறேன், ரசித்துப் படி.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ரங்கநாயகி!" என்று கத்தினார். அம்மா யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி ஓடிவந்தாள். "உன் பிள்ளை பத்தொம்போது வாங்கியிருக்கான்! நாலு வாங்கிண்டிருந்தவன்! அந்த சார் என்கிட்ட, இவனுக்கு நல்லா பிடிபட ஆரம்பிச்சுடுத்துன்னு சொல்றார்!" கையில் ஸ்வீட் பாக்ஸ். எனக்கும் ஒரு மைசூர்பாக்கு கொடுத்தார். "பாத்தியா, அப்பா போட்ட கணக்கு தப்பாது" என்றார்.

நீ என்ன சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன். "அவனா? தலையக் குனிஞ்சுண்டு நின்னான். அடக்கம்" என்றார்.

அடக்கமாம்! இந்தத் தடவை எந்த ஃபேனைப் பார்த்தாய்?

எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தைவிட என்மேல் இருக்கிற கோபம் அதிகம். யோசித்துப் பார். நான் எழுத எழுத உனக்கு மார்க் ஏறுகிறது. உனக்கு மார்க் ஏற ஏற, தான் எடுத்த முடிவு சரி என்று அப்பாவுக்கு உறுதியாகிறது. என் வழியில் நானே செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறேன், அதுவும் ராத்திரி கண் விழித்து, ஸ்டாம்பு ஒட்டி. என்னைவிட முட்டாள் இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

இதோடு சரி. இனி உன் மைட்டோகாண்ட்ரியாவை நீயே பார்த்துக்கொள். தட்டையும் வராது. காலாண்டுக்கு அதிக நாள் இல்லை. மேரி மிஸ் அந்த இடத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்?

மானசா

---

சிங்கப்பெருமாள் கோயில்
ஆகஸ்ட் 6

மானசா,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரியும். முழுக்கப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மைட்டோகாண்ட்ரியா என்ற வார்த்தையைப் பார்த்து வார்டன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். அதைச் சின்னராசுவும் படித்தான். படித்துவிட்டு மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்தான். அப்புறம் சொன்னான்: "மச்சான், நீ செய்யறது பேஜாரான வேலடா. அது எய்தறதை வச்சி நீ மார்க்கு வாங்கிகினு கீற. அந்தப் பொண்ணு வூட்டாண்ட குந்திகினு கீது. உங்க நைனா கையில வாயால சொல்ல பயமா கீதா? அப்ப கையால எய்தி வை."

திங்கட்கிழமை மாதத் தேர்வு. ஐந்தாவது கேள்வி: "காம்பெடிடிவ் இன்ஹிபிட்டர், ஓர் உதாரணத்துடன் விளக்குக." புத்தகத்தில் மெலோனேட் என்று இருக்கிறது. எனக்குத் தெரியும், மனப்பாடம். நான் எழுதியது இது:

'உதாரணம்: ஜெயந்த், ப்ளஸ் ஒன், ஏ பிரிவு. பார்ப்பதற்குச் சரியான ஆள் மாதிரியே இருப்பான். இடத்தை அடைத்துக்கொள்வான். வேலை நடக்காது. சரியான ஆள் திருவிடந்தையில் இருக்கிறாள். நான் இதுவரை வாங்கிய மார்க் எல்லாம் அவளுடையது.'

மற்ற கேள்விகளை எழுதாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரவணகுமார் சார் கோபப்படவில்லை. உன் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். சின்னராசு தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். இன்று அப்பாவை வரவழைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. சார் உன் முதல் கடிதத்தில் பெருமாள் கல்யாணத்தைப் படித்தபோது, அப்பா கோயில் ஆபீசில் தன் வேலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் மீசைக்குக் கீழே சிரித்தார் என்று தோன்றியது, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பிறகு சார் என் விடைத்தாளை நீட்டினார். அப்பா படித்துவிட்டு, "இது என்ன வார்த்தை சார், இன்ஹிபிட்டர்னு?" என்று கேட்டார். சார், "நான் சொல்றதைவிட உங்க பொண்ணு நல்லா சொல்லும். வீட்ல போய்க் கேளுங்க" என்றார்.

அப்பா விடைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். பஸ் ஏறும் வரை வாசல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்? திட்டினாரா? எழுது, மானசா.

ஜெயந்த்

---

திருவிடந்தை
ஆகஸ்ட் 9

அன்புள்ள ஜெயந்த்,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அப்பா அன்றைக்கே வந்துவிட்டார். அதனால் நடந்தது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. நீ எங்கேயோ எதையோ உடைத்துவிட்டாய், பள்ளியில் கூப்பிட்டனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அம்மாவும் நானும் நினைத்தோம்.

வந்தார், குளித்தார், சாப்பிட்டார். மோர் சாதத்துக்கு நார்த்தங்காய் கூடக் கேட்கவில்லை. அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"காம்பெடிடிவ் இன்ஹிபிட்டர்னா என்னம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கவுண்டன்சி நோட்டை மடியில் வைத்துக்கொண்டே சொன்னேன். "மணையில பொருந்தாத ஆள் உக்காந்துண்டுடும்ப்பா. அதால கல்யாணம் நடக்காது. பொருந்தறவ வாசல்ல நின்னுண்டே இருப்பா."

"எத்தனை நாழி நிப்பா?"

"அது எழுந்துக்கற வரைக்கும்."

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "உக்காந்தது எழுந்துக்குமா? இல்ல, ஒட்டிண்டுடுமா?"

"இது ஒட்டிக்காதுப்பா. எழுந்து போயிடும். போயிட்டா பழையபடி நடக்கும்."

"போயிட்டான்" என்றார் அப்பா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து உன் விடைத்தாளை எடுத்துக் கொடுத்தார். நான் படித்து முடித்தேன். அப்பா பேனாவைத் திறந்துகொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

நான் அழவில்லை, அம்மாதான் அழுதாள் என்று எழுதலாம் என்றிருந்தேன். பொய் எதற்கு, நான்தான் அழுதேன். அம்மா, "பெருமாளே, இதுக்கா இத்தனை இங்கிலீஷ்" என்றாள்.

மேரி மிஸ் இன்னும் இடத்தை வைத்திருந்தார். நேற்று அப்பா தானே பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் நான் எதிர்ப்பக்கக் கட்டடம்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஐந்து மார்க் கேள்விக்கு நாலு வரி எழுதினாயே, அதிலும் மணை என்ற வார்த்தையே இல்லை. மற்ற கேள்விகளையாவது எழுதியிருக்கலாம், உனக்குத் தெரிந்ததுதானே? சின்னராசுவிடம் என் கடிதங்களை அவனே வைத்துக்கொள்ளச் சொல். பரீட்சைக்கு வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் எழுதட்டும், பதில் போடுகிறேன். 'லெட்டர் மிஸ்' என்று மட்டும் கூப்பிட வேண்டாம்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னை அழைத்துவர வருகிறார். என் பள்ளியிலேயே உனக்கும் இடம் கேட்டு வாங்கியாகிவிட்டது. உன்மேல் இன்னும் கொஞ்சம் உம்மென்றுதான் இருக்கிறார். அவராகப் பேசமாட்டார், பஸ்ஸில் நீயே ஆரம்பி. ஃபேனைப் பார்த்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதே, அந்த பஸ்ஸில் ஃபேன் கிடையாது.

என் டிரையல் பேலன்ஸ் ஒன்பதால் வகுபட்டது. அப்படியும் டேலி ஆகவில்லை. நோட்டை டெஸ்கிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், வந்து நீயே பார்த்துக்கொள். காமர்ஸ் வகுப்பு, மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. போய் உட்கார், உனக்குப் பொருந்தும்.

மானசா